எண்ணாலும் எழுத்தாலும்

"இறங்கு! அந்தக் கட்டுக்கு சீல் வெச்சிருக்கு, கண்ணு தெரியலையா?"

ஃபோர்மேன் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழேயிருந்து கத்தினார். மேலே நின்றிருந்தவள் இரும்பு அலமாரியை இடது கையால் பற்றிக்கொண்டாள். வலது கையால் பழுப்புக் காகிதத்தை ஒரே இழுப்பில் கிழித்தாள்.

"கண்ணு தெரியுது சார். அதனாலதான் கிழிக்கிறேன்."

பதினாறு வருஷமாக அந்த அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். ரயில் அட்டவணையில் காணாமல் போன ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து இரண்டாயிரம் பிரதியைத் திரும்ப அடிக்க வைத்தவள். ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் 'பூதக்கண்ணாடி'. அவளுக்கு அது தெரியும். கொஞ்சம் பெருமையும் உண்டு.

கட்டுக்குள் இருந்த புத்தகத்தை உருவினாள். மூன்றாம் பதிப்பு, எண்பத்தெட்டாம் பக்கம். விரல் மேலிருந்து கீழே ஓடி ஏழாவது வரியில் நின்றது.

"மாட்டிக்கிட்டே," என்றாள்.

"யாரு, நானா?" என்றார் ஃபோர்மேன்.

அவர் இல்லை. மாட்டிக்கொண்டவர் டெஸ்ட் மேடம்.

டெஸ்ட் மேடம் என்பவர் நகரத்தின் திறன் ஆய்வு மையத்தில் பிள்ளைகளைச் சோதிக்கிற உளவியல் நிபுணர். அபாரமான புத்தியுள்ள பிள்ளைகளுக்கு அந்த மையம் சனிக்கிழமை வகுப்பு நடத்துகிறது. இருபத்துநாலு இடம். தேர்வில் நூற்றிமுப்பது புள்ளி வாங்கினால் உள்ளே போகலாம். பூதக்கண்ணாடியின் மகள் வாங்கியது நூற்றிருபத்தெட்டு.

இரண்டு புள்ளி!

அந்த வகுப்பைத் தேடிக் கண்டுபிடிக்கவே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வகுப்பில் எல்லாரையும்விட உருவத்தில் சின்னவளான மகளுக்கு வீட்டில் பெயர் பொடி. பொடி கணக்குப் புத்தகத்தை ஜூன் மாதம் வாங்கினால் ஜூலையில் முடித்துவிடுவாள். "சீக்கிரம் முடிச்சிட்டு மத்த பசங்களைத் தொந்தரவு பண்றா" என்றார் டீச்சர். "அப்ப மேல குடுங்களேன்" என்றாள் தாய். "மேல குடுத்தா அதையும் முடிச்சிடுவாளே" என்றார் டீச்சர், பயத்தோடு. நூலகத்துச் சதுரங்கக் குழு, காலேஜ் வாத்தியாரின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, கம்ப்யூட்டரில் வரும் போட்டிகள் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். இரண்டு வயசு கூட, மூணு வயசு குறைய என்று ஏதாவது ஒரு சாக்கில் ஒவ்வொரு கதவும் மூடிக்கொண்டது. திறந்தது இந்த ஒரு கதவுதான்.

தேர்வு எழுதிவிட்டு வந்த அன்று பொடி சொன்னது அவள் காதிலேயே இருந்தது. "அம்மா, அங்க ஒரு பொண்ணு என் கணக்கைப் பாத்துட்டு, இங்க தப்பு பண்ணிட்டேன்னு சொன்னா. நிஜமாவே தப்பும்மா! இதுவரைக்கும் யாருமே என் தப்பைக் கண்டுபிடிச்சதில்ல. அவகூட உக்காரணும்மா."

முடிவு வந்த அன்று டெஸ்ட் மேடம், நாற்பது பெற்றோர் நின்ற தாழ்வாரத்தில், சத்தமாகச் சொன்னார்: "கெட்டிக்காரப் பொண்ணுதான். ஆனா கெட்டிக்காரி வேற, அபூர்வம் வேற. இதைப் பத்தி வீட்டுல கொஞ்சம் பேசிக்கங்க."

வீட்டுல பேசிக்கங்க! யாரோ ஒரு பெண்மணி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு பதினெட்டு நாளாக அவள் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. பல் விளக்கும்போதும் கேட்டது.

இன்றைக்கு மத்தியானம்தான் வழி பிறந்தது. அந்தத் தேர்வின் கையேட்டை அச்சடிப்பது இவளுடைய அச்சகமே. நாலாம் பதிப்புக்கான ப்ரூஃப் மேஜைக்கு வந்தது. புள்ளி போடும் அட்டவணை. அதில் வயசுக்கு ஒரு பத்தி. ஒரே எண்ணிக்கையில் சரியான விடை எழுதினாலும், வயசு குறைந்த பிள்ளைக்குப் புள்ளி கூடும். முடிவுத் தாளின்படி பொடிக்கு ஐம்பத்திரண்டு விடை சரி. பதிமூன்று வயசு இரண்டு மாதம் என்ற பத்தியில் ஐம்பத்திரண்டுக்கு நேராக இருந்தது நூற்றிமுப்பத்துமூன்று. நூற்றிருபத்தெட்டு எங்கே இருக்கிறது? மூன்று பத்தி தள்ளி. பதிமூன்று வயசு ஒன்பது மாதத்தில்.

டெஸ்ட் மேடம் தப்பான பத்தியைப் பார்த்துப் புள்ளி போட்டிருக்கிறார்!

ஒருவேளை பழைய பதிப்பில் வேறு மாதிரி இருந்திருக்குமோ என்றுதான் ஏணி ஏறினாள். இல்லை. அதே எண்கள். சிவப்புப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்: பக்கம் 88, வரி 7.

மணி மூன்று இருபது. நாலு மணிக்கு மையத்தின் மேல்முறையீட்டு ஜன்னல் மூடிவிடும். இந்த வருஷத்துக்கு அதோடு சரி.

"கையேட்டை எடுத்துட்டுப் போகக்கூடாது, சொல்லிட்டேன்," என்றார் ஃபோர்மேன்.

"நீங்களே வெச்சுக்கங்க சார். எனக்கு வேண்டியது கையிலேயே இருக்கு."

*

வாசலில் கார் நின்றது. மேலே 'கற்பவர்' என்ற பலகை, பக்கவாட்டில் பெரிய எண்களில் போன் நம்பர். அவள் கணவன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன். ஊரே அவனை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடும். பின்சீட்டில் பொடி யூனிபார்மோடு உட்கார்ந்து, முன்னால் நிற்கும் வண்டிகளின் நம்பரையெல்லாம் மனசுக்குள் வகுத்துக்கொண்டிருந்தாள்.

"நகருங்க. நான் ஓட்டறேன்," என்றாள் அவள்.

"நீ இருக்கற வேகத்துல ஓட்டக்கூடாதும்மா..."

"நகருங்கன்னா!"

நகர்ந்தான். பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொடுப்பவரின் காலுக்கு.

வண்டி கிளம்பியது. அவள் நடந்ததைச் சொல்லச் சொல்ல மாஸ்டர் முகம் மஞ்சள் விளக்கு மாதிரி ஆனது.

"நம்ம பொண்ணுக்குத் தேர்வு அன்னிக்கு என்ன வயசு? பதிமூணு, ரெண்டு மாசம், பத்து நாள். அந்தம்மா பாத்திருக்கறது ஒன்பது மாசப் பத்தி! பெரிய நிபுணராம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கே வராது இந்தத் தப்பு."

"சரி... தப்பே இருக்கட்டும். ஒரு போன் பண்ணி மெதுவா..."

"மெதுவாவா? நாப்பது பேர் முன்னாடி என் பொண்ணை அபூர்வம் இல்லைன்னு சொன்ன வாய். அந்த வாயே, மேல்முறையீட்டுக் குழு முன்னாடி, என் தப்புன்னு சொல்லணும். அதுக்கப்புறம் அந்தம்மா இன்னொரு பிள்ளையோட பேப்பரைத் தொடக்கூடாது. எழுத்து மூலமா வாங்காம வர மாட்டேன்."

கார் குலுங்கி வேகம் குறைந்தது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது.

"என்னங்க?"

"மாடு."

"எங்க மாடு?"

"போயிடுச்சு."

அடுத்த திருப்பத்தில் மறுபடி குலுங்கியது. அதற்கடுத்த சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டி முரண்டு பிடித்து நின்றது.

"அம்மா," என்றாள் பொடி, ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்பா அவரு பிரேக்கை அமுக்கறாரு. இதோட ஏழு தடவை."

"பழக்கதோஷம்டா," என்றான் மாஸ்டர். கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "ஏய், நான் ஒன்னு சொல்றேன், கோச்சுக்காதே. இந்த வயசு, தேதி சமாச்சாரத்துல கை வைக்காதே. விடேன். அடுத்த வருஷம் இன்னொரு தேர்வு வரும்."

"எது விடறது? என்னைப் பத்தித் தெரியாதா உங்களுக்கு?"

தெரியும். நன்றாகவே தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் மாஸ்டரின் தங்கை கல்யாணப் பத்திரிகையில், அண்ணியான இவள் பெயரில் ஒரே ஒரு எழுத்து விழுந்துபோய்விட்டது. நாத்தனாரோடு அன்றைக்கு நின்ற பேச்சு இன்றுவரை தொடங்கவில்லை. 'ஒரு எழுத்துதானேம்மா' என்று சமாதானத்துக்கு வந்த மாமியாரோடு எட்டு மாதம் பேச்சில்லை. 'அம்மா பாவம்' என்று முணுமுணுத்த மாஸ்டரோடு இருபத்தோரு நாள். அந்த இருபத்தோரு நாளும் பொடிதான் இருவருக்கும் தபால்காரி. "அப்பா, உப்பு போதுமான்னு அம்மா சுவத்தைக் கேக்கறாங்க."

மூன்று ஐம்பத்தேழுக்கு மையத்தின் வாசலில் டயர் கிறீச்சிட்டது.

"நீங்களும் வாங்க."

"நான்... வண்டிக்கு இடம் பாக்கணும்."

"அப்பா," என்றாள் பொடி, "எதிர்ல பதினோரு இடம் காலியா இருக்கு."

மாஸ்டர் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தான். ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

*

ஜன்னலில் இருந்த கிளார்க், மனுவை வாங்கி முத்திரை குத்தும்போது நாலுக்கு ஒரு நிமிஷம் இருந்தது. "அதிர்ஷ்டம்மா உங்களுக்கு. குழு உள்ளதான் உக்காந்திருக்கு. வேற கேஸ் இல்ல. இப்பவே கூப்பிடுவாங்க. பிள்ளையும் வரணும்."

தாழ்வாரத்தில் அதே பச்சைப் பெஞ்சு. அதே இடத்தில்தான் அன்றைக்கு நின்றாள். செருப்புச் சத்தம் வேகமாக வந்தது. டெஸ்ட் மேடம், கையில் ஒரு ஃபைலோடு, மூச்சு வாங்க.

"ஒரு அஞ்சு நிமிஷம். உள்ள போறதுக்கு முன்னாடி தனியா பேசலாமா? மனுவை இப்பவே வாபஸ் வாங்கிடுங்க. உங்க பொண்ணுக்கு நான் ஒரு வழி பண்ணித் தர்றேன்."

அவளுக்கு உடம்பெல்லாம் இனித்தது. மேடம் பயந்துவிட்டார்!

"ஏன், இப்ப அபூர்வம் ஆயிட்டாளா?"

"அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஒத்துக்கறேன். ஆனா இந்தத் தேதி விஷயத்துல நீங்க..."

"தனியா எதுக்கு மேடம்? எல்லார் முன்னாடியும் சொன்னீங்கல்ல? எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க, உங்க நல்லதுக்குத்தான்..."

"என் நல்லது எனக்குத் தெரியும். நீங்க உங்க வேலைக்கு என்ன வழின்னு பாருங்க."

டெஸ்ட் மேடம் பொடியைப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பியூன் கதவைத் திறந்து, "வாங்க" என்றார்.

*

உள்ளே நீள மேஜை. மூன்று பேர். நடுவில் குழுத் தலைவர், ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியர். எதைப் படித்தாலும் உரக்கப் படித்தால்தான் அவருக்குப் புரியும். மேஜைமேல் கையேடு இருந்தது.

அவள் உட்காரவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"எண்பத்தெட்டாம் பக்கம், ஏழாவது வரி. எடுங்க சார்."

எடுத்தார்கள். அவள் பேசினாள். பதினெட்டு நாள் சேர்த்து வைத்தது, ஒரு சொல் தடுக்காமல் வந்தது. இடது பக்க உறுப்பினர் தலையாட்டினார். வலது பக்க உறுப்பினர் டெஸ்ட் மேடத்தைப் பார்த்த பார்வையில் ஏற்கெனவே தீர்ப்பு இருந்தது. டெஸ்ட் மேடம் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

இதுதான். இதற்காகத்தான். அந்தக் கைக்குட்டைச் சிரிப்பு அவள் தலைக்குள் முதல்முறையாக நின்றது.

"இவங்க தப்பை இவங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். என் பொண்ணுக்கு இடம் தரணும். இனிமே இவங்க எந்தப் பிள்ளைக்கும் புள்ளி போடக்கூடாது."

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்தார். "நியாயமாத்தான் தெரியுது. ஃபைலைக் குடுங்க மேடம்."

டெஸ்ட் மேடம் அசையவில்லை. "சார், அவங்க மனுவைத் திரும்ப வாங்கறதுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு..."

"வாங்க மாட்டேன்!"

ஃபைல் மேஜைக்குப் போனது. தலைவர் முதல் தாளை உரக்கப் படித்தார். "பிறந்த தேதி, பத்து, ஒன்னு. அப்ப தேர்வு அன்னிக்குப் பதிமூணு வயசு ஒன்பது மாசம். பத்தி சரியாத்தானேம்மா இருக்கு?"

"பத்து எட்டு சார்! ஆகஸ்ட் பத்து. எட்டை ஒன்னுன்னு அடிச்சிருக்காங்க. தினமும் நான் இதைத்தான் பாக்கறேன். இதுவும் இவங்க தப்புத்தான்!"

"உனக்கு எப்பம்மா பிறந்தநாள்?" என்றார் தலைவர் பொடியிடம்.

"ஆகஸ்ட் பத்து," என்றாள் பொடி. "நான் அன்னிக்கே சொன்னேனே."

தலைவர் தாளைப் புரட்டினார். "இங்க இருக்கறது மையம் எழுதினது இல்லம்மா. ஸ்கூல்லேருந்து வந்த நகல். சேர்க்கைக்குக் குடுத்த உறுதிமொழிப் பத்திரம். ஏறக்குறைய ஒன்பது வருஷம் ஆச்சு." தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், சேர்க்கை நாளில், அவளுக்கு அச்சகத்தில் டெலிபோன் டைரக்டரி வேலை. நாலாயிரம் நம்பர். 'ஸ்கூல் விஷயத்தை நான் பாத்துக்கறேன்' என்றான் மாஸ்டர். அன்றிலிருந்து சேர்க்கை, ரிப்போர்ட் கார்டு, படிவம் எல்லாம் அவன் பொறுப்பு. அவள் ஒரு தாளையும் பார்த்ததில்லை. ஊரார் தாளைப் பார்த்துச் சம்பாதிக்கவே நேரம் சரியாக இருந்தது.

குனிந்தாள். கண் பழக்கப்படி முதலில் பிழையைத் தேடியது. எண்: 10-01. பிழைதான். எட்டு ஒன்றாவது சகஜம். பேனா வழுக்கும், கார்பன் தேயும், அச்சு மழுங்கும்.

பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எழுத்தாலும் எழுதியிருந்தது.

ஜனவரி மாதம் பத்தாம் நாள்.

பேனா வழுக்கினால் எட்டு ஒன்றாகலாம். ஆகஸ்ட் ஜனவரியாக எந்தப் பேனாவாலும் வழுக்க முடியாது. அதற்குக் கை வேண்டும். மனசு வேண்டும். கீழே கையெழுத்து இருந்தது. இரண்டு சுழியும் ஒரு நீட்டலும். அந்தச் சுழி அவள் வீட்டுப் பால் கணக்கு நோட்டில் தினமும் விழுவது.

"ஜனவரிக்குள்ள அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும், இல்லேன்னா அடுத்த வருஷம்தான் சேர்ப்பாங்க," என்றார் இடது பக்க உறுப்பினர் சங்கடத்தோடு. "ஒரு வருஷம் மிச்சமாகட்டுமேன்னு நிறையப் பேர் பண்றதுதான்."

"அப்ப நிஜத் தேதியை வெச்சுப் பாத்தா நூத்திமுப்பத்திமூணு," என்றாள் அவள். குரல் அவளுடையதாகவே இல்லை. "இடம் உண்டுதானே சார்?"

தலைவர் பெருமூச்சு விட்டார். "உண்டு. முன்னாடியே பெத்தவங்க ஒரு கடிதம் குடுத்துத் திருத்தியிருந்தா. இது விசாரணை. விசாரணையில பொய்த் தேதி வெளிய வந்தா ஏழாவது விதிப்படி விண்ணப்பம் ரத்து. ரெண்டு வருஷம் எந்த மையத்துலயும் எழுத முடியாது. அதுக்கப்புறம் வயசு வரம்பு தாண்டிடும்."

பொடி மெதுவாகக் கணக்குப் போட்டாள். உதடு அசைந்தது. விடை வந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அப்ப அந்தப் பொண்ணு பக்கத்துல உக்கார முடியாது," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

தாய் டெஸ்ட் மேடத்தின் பக்கம் திரும்பினாள். பிடித்துக்கொள்ள அந்த ஒரு கொம்புதான் மிச்சம். "தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தீங்களா? என் பொண்ணு நேர்லயே தேதி சொல்லியிருக்கா. ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? பழிவாங்கினீங்களா?"

"கடைசித் தாளைப் பாருங்க சார்," என்றார் டெஸ்ட் மேடம். "என் குறிப்பு இருக்கு."

தலைவர் கடைசித் தாளை எடுத்து, வழக்கம்போல் உரக்கப் படித்தார்.

"அக்டோபர் இருபது. பிறந்த தேதி கேட்டதற்குக் குழந்தை சொன்னது ஆகஸ்ட் பத்து. படிவத்தில் ஜனவரி பத்து. வீட்டில் கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டும். நவம்பர் இரண்டு. தாயாரிடம் வீட்டில் பேசும்படி சொன்னேன். கோபமாகப் போய்விட்டார். நவம்பர் மூன்று. படிவத்தில் உள்ள எண்ணுக்குப் பேசினேன். தந்தை எடுத்தார்."

ஜன்னலுக்கு வெளியே கார் தெரிந்தது. பதினோரு காலி இடத்துக்கு எதிரே, நிறுத்திய இடத்திலேயே நின்றது. பக்கவாட்டில் அந்தப் பெரிய எண்கள்.

"தேதியைத் திருத்தி ஒரு கடிதம் போதும், புள்ளி நூற்றிமுப்பத்துமூன்று ஆகிவிடும், இடம் நிச்சயம் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். நவம்பர் பத்து, மறுபடி பேசினேன். அதே பதில். நவம்பர் பதினேழு..."

தலைவர் நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"இது உங்க வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே எழுதியிருக்காங்க. மனசுக்குள்ள படிச்சுக்கறேன்."

"உரக்கப் படிங்க சார்," என்றாள் அவள். "எல்லார் முன்னாடியும்."

தலைவர் படித்தார்.

"மேடம், அந்தக் கடிதம் தந்தா என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சிடும். ஒரே ஒரு எழுத்துக்கு ஆறு வருஷமா என் தங்கச்சிகூடப் பேசாதவ அவ. ஏழு மாசத்துக்கு எத்தனை வருஷம்னு உங்க அட்டவணையைப் பாத்துச் சொல்லுங்க. அப்புறம் தர்றேன் கடிதம்."